ஒரு குப்பியும் ஒரு வாழ்வும்

நுழையும்முன்

நோயைத் தீர்ப்பது மருந்து. அம்மருந்தே சில வேளைகளில் உடலுக்கு ஊறு செய்வதும் உண்டு. அந்த ஊறு மருந்தின் இயல்பால் நேர்ந்ததா, அதைச் செய்த இடத்தில் நேர்ந்த பிழையா, செலுத்திய கையில் நேர்ந்த பிழையா, அல்லது மருந்துக்குத் தொடர்பே இல்லாததா என்று பிரித்தறிவது கடினமான அறிவுப்பணி. அதைச் சரியாகச் செய்தால் உயிர்கள் காக்கப்படும். தவறாகச் செய்தால் நல்ல மருந்தின்மீதும் நல்ல மனிதர்மீதும் பழி விழும். இந்திய மண்ணில் இலட்சக்கணக்கானோரைக் கொள்ளைநோய்களிலிருந்து காத்து, ஒரே ஒரு குப்பியால் பழி சுமந்து, ஐந்தாண்டுகள் காத்திருந்து நீதி பெற்ற அறிவியலாளர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கருங்கடற்கரையில் தொடங்கிய வாழ்வு

வால்டெமர் ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அன்றைய இரஷ்யப் பேரரசின் துறைமுக நகரமான ஒடெசாவில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அந்நகரின் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றார். நோய்க்கிருமிகளை எதிர்த்து உடலின் உயிரணுக்கள் போராடுவதைக் கண்டறிந்து பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மெச்னிக்காஃப் அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். ஒற்றை உயிரணுவால் ஆன நுண்ணுயிர்களை உருப்பெருக்கியின்கீழ் பொறுமையோடு நோக்கும் பழக்கம் அந்த ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு வந்தது.

யூதர்களுக்கு எதிரான வன்முறை பரவிய காலம் அது. தம் மக்களைக் காக்க அமைந்த தற்காப்புக் குழுவில் இளைஞர் ஹாஃப்கின் சேர்ந்தார், காயமுற்றார், சிறை சென்றார். ஆசிரியரின் முயற்சியால் விடுதலை பெற்றார். திறமை மிக்கவராயினும் யூதர் என்பதால் பல்கலைக்கழகப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. மதம் மாறினால் பதவி உண்டு என்ற நிலையில் அவர் பதவியைத் துறந்தார், மதத்தைத் துறக்கவில்லை. 1888இல் நாட்டைவிட்டு வெளியேறி ஜெனீவா சென்றார். அடுத்த ஆண்டு பாரீசில் பாஸ்டர் நிறுவனத்தை அடைந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது நூலக உதவியாளர் பணி. அப்பணியைச் செய்துகொண்டே, எஞ்சிய நேரத்தில் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார்.

தன்னுடலே முதற்களம்

அந்நாளில் ஐரோப்பாவையும் ஆசியாவையும் நடுங்க வைத்த நோய் காலரா. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அதை வாந்திபேதி என்றனர். காலையில் நலமாக இருந்தவர் மாலைக்குள் மாண்டுபோவது அன்று புதுமையன்று. ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் திரண்ட மக்களைத் தொடர்ந்து அந்நோயும் ஊர் ஊராகச் சென்றது. திருவில்லிபுத்தூரின் ஆடிப்பூரத் தேரோட்டம் போல் பல்லாயிரவர் கூடும் விழாக்கள் நாடெங்கும் உண்டு. அத்தகைய கூட்டங்களைக் கண்டாலே அக்காலச் சுகாதார அதிகாரிகள் காலராவை எண்ணி அஞ்சினர்.

காலராக் கிருமியை வலுவிழக்கச் செய்து உடலில் செலுத்தினால், உடல் அந்நோயை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என ஹாஃப்கின் கருதினார். விலங்குகளில் சோதனை வெற்றி பெற்றது. மனிதருக்கு அது தீங்கு செய்யாது என்பதை யாரைக்கொண்டு உறுதிசெய்வது? 1892 சூலை 18 அன்று அவர் தம் உடலிலேயே அம்மருந்தைச் செலுத்திக்கொண்டார். காய்ச்சலும் தலைவலியும் ஊசி போட்ட இடத்தில் வலியும் உண்டாயின. அவற்றை ஒன்றுவிடாமல் குறித்துவைத்தார். ஆறு நாள் கழித்து இன்னும் வலிய கிருமியைச் செலுத்திக்கொண்டு, அதன் விளைவையும் குறித்தார். பின்னர் அவருடைய நண்பர்கள் சிலரும் முன்வந்தனர்.

மருந்தின் பயனை மட்டும் எழுதி, அது தந்த துன்பத்தை மறைப்பது எளிது. ஹாஃப்கின் இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதினார். ஒரு மருந்து நன்மை செய்கிறது என்று உலகை நம்பச் செய்ய வேண்டுமானால், அது செய்யும் தொல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்னும் நேர்மை அவருடைய ஆய்வின் தொடக்கத்திலேயே இருந்தது.

இந்திய மண்ணில்

இந்தியாவின் முன்னாள் தலைமை ஆளுநரான டஃபரின் பிரபு அப்போது பாரீசில் பிரித்தானியத் தூதராக இருந்தார். காலராவுக்குத் தாயகம் எனக் கருதப்பட்ட வங்காளத்தில் மருந்தைச் சோதிக்க அவர் வழிசெய்தார். 1893 மார்ச்சில் ஹாஃப்கின் கல்கத்தா வந்தார்.

அறிமுகமில்லாத அயலார் ஒருவர் ஊசியோடு வந்து, நோயில்லாத உடலில் குத்த வேண்டும் என்றால் யார்தான் இசைவர்? எதிர்ப்பு எழுந்தது, கல்லெறியும் நடந்தது. ஹாஃப்கின் படையையும் சட்டத்தையும் துணைக்கு அழைக்கவில்லை. இந்திய மருத்துவர்களைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். விரும்பியவர்களுக்கு மட்டுமே ஊசி போட்டார். 1894இல் கல்கத்தாவின் குடிசைப் பகுதி ஒன்றில் ஏறத்தாழ இருநூறு பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன்பின் அங்கே காலரா கண்டவர்கள் அனைவரும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களே.

இங்கே அவருடைய முறையைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஊசி போட்டவரையும் போடாதவரையும் ஒரே தெருவில், ஒரே தண்ணீரைக் குடிப்பவர்களாக வைத்து ஒப்பிட்டார். பெயரும் நாளும் அளவும் குறிக்கப்பட்டன. ஒப்பீடு இல்லாமல் மருந்தைப் புகழவும் முடியாது. பழிக்கவும் முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். இரண்டே ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது. ஓயாத அலைச்சலால் மலேரியாவுக்கு ஆளாகி, 1895இல் உடல்நலம் தேற அவர் இங்கிலாந்து செல்ல நேர்ந்தது.

பம்பாயில் கொள்ளைநோய்

1896இல் பம்பாய் நகரில் பிளேக் நோய் தோன்றியது. மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினர். இந்தியா திரும்பியிருந்த ஹாஃப்கின் அவ்வாண்டு அக்டோபரில் பம்பாய் சென்றார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் ஓர் எழுத்தரும் மூன்று ஏவலரும் அவருக்குத் தரப்பட்டன. அவ்வளவே அவருடைய ஆய்வுக்கூடம்.

பிளேக் கிருமியைக் குழம்பில் வளர்த்து, வெப்பத்தால் கொன்று, கார்பாலிக் அமிலம் சிறிது சேர்த்து மருந்தாக்கினார். இந்துக்கள், முசுலிம்கள் ஆகிய இரு தரப்பினரின் மனமும் புண்படாதவாறு, மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் தவிர்த்து ஆட்டிறைச்சியால் அக்குழம்பைச் செய்தார். கிருமி படர்ந்து வளர நெய்த்துளிகளைப் பயன்படுத்தினார். மருந்து உடலுக்கு ஏற்றதாக இருந்தால் போதாது. அதை ஏற்கும் மக்களின் மனத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது அவர் இந்தியாவில் கற்ற பாடம்.

1897 சனவரி 10 அன்று அவர் மீண்டும் தம் உடலையே முதற்களமாக்கினார். பிறருக்குக் கொடுக்க எண்ணிய அளவைப்போல் மும்மடங்குக்கும் மிகுதியாக, 10 கன சென்டிமீட்டர் மருந்தைச் செலுத்திக்கொண்டார். கடுங்காய்ச்சலும் வலியும் வாட்டின. அவற்றைத் தாங்கியபடியே பணிகளையும் பார்த்தார். அதே மாத இறுதியில் பைகுல்லா சிறையில் பிளேக் நுழைந்தது. அங்கே முன்வந்த கைதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஊசி போடப்பட்டது. ஊசி போடாதவருள் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தனர். ஊசி போட்டவருள் இருவருக்கு மட்டுமே நோய் கண்டது, எவரும் இறக்கவில்லை. கைதிகளிடம் மருந்தைச் சோதிப்பதற்கு இன்று கடுமையான ஒப்புதல் விதிகள் உண்டு. அன்று அத்தகைய விதிகள் உருவாகவில்லை என்பதையும் இங்கே கருத வேண்டும்.

இஸ்மாயிலி முசுலிம்களின் தலைவரான இளைஞர் ஆகாகான், தம் மக்களின் தயக்கத்தைப் போக்க அவர்கள் கண்முன்னே ஊசி போட்டுக்கொண்டார். ஆய்வுக்கூடத்துக்குத் தம் மாளிகை ஒன்றையும் தந்தார். 1899இல் பம்பாயின் பரேல் பகுதியில் இருந்த பழைய ஆளுநர் மாளிகையில் பிளேக் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. ஒரு தாழ்வாரத்தில் தொடங்கிய பணி ஒரு மாளிகையை நிறைத்தது.

முல்கோவால்

1902இல் பஞ்சாபில் பிளேக் பெருகியது. இலட்சக்கணக்கானோருக்கு விரைந்து ஊசி போட அரசு திட்டமிட்டது. மருந்தின் தேவை பன்மடங்கு உயர்ந்தது. அத்தேவையை நிறைவேற்றும் பொருட்டு ஹாஃப்கின் தயாரிப்பு முறையில் ஒரு மாற்றம் செய்தார். கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விட்டு, வெப்பத்தை மட்டும் நம்பினார். அம்முறை பாரீசின் பாஸ்டர் நிறுவனத்தில் வழக்கிலிருந்த முறையே.

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபின் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. அன்று ஐந்து குப்பிகள் திறக்கப்பட்டன. ஒரு வாரம் கழித்து ஊசி போட்டுக்கொண்டவருள் சிலருக்குத் தாடை இறுகியது. உடல் வில்லாக வளைந்தது. வந்திருப்பது இரணஜன்னி என மருத்துவர்கள் அறிந்தனர். பத்தொன்பது பேர் பாதிக்கப்பட்டனர். பத்தொன்பது பேரும் இறந்தனர்.

கொள்ளைநோய்க்கு அஞ்சி, அரசின் சொல்லை நம்பிக் கை நீட்டியவர்கள் அவர்கள். அந்தக் குடும்பங்களின் துயரத்துக்கு எந்த அறிவியல் விளக்கமும் ஈடாகாது. அச்செய்தி பரவியதும் பஞ்சாபில் ஊசி போடும் பணி தளர்ந்தது. ஊசியை நம்பிய மக்கள் அதைக் கண்டு அஞ்சலாயினர். அவ்வச்சத்துக்கும் ஒரு விலை இருந்தது. பிளேக் தொடர்ந்து பரவி உயிர்களைப் பறித்தது.

எனினும் முல்கோவாலில் ஒரு செயல் முறையாக நடந்திருந்தது. எந்தக் குப்பியிலிருந்து எவருக்கு ஊசி போடப்பட்டது என்பது பதிவாகியிருந்தது. அந்தப் பதிவைப் புரட்டியபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. இறந்த பத்தொன்பது பேரும் ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்றவர்கள். அக்குப்பியின் எண் 53-என். மற்ற நான்கு குப்பிகளிலிருந்து மருந்து பெற்ற எவருக்கும் இரணஜன்னி வரவில்லை. ஊர் ஒன்று, நாள் ஒன்று, ஊசி போட்டவர் ஒருவர், மருந்தும் ஒன்று. வேறுபட்டது குப்பி மட்டுமே. எனவே பிளேக் தடுப்பு மருந்தின் இயல்பு இரணஜன்னியை உண்டாக்கவில்லை. அந்த ஒரு குப்பிக்குள் இரணஜன்னிக் கிருமி புகுந்திருக்கிறது என்பது தெளிவாயிற்று.

எஞ்சியது ஒரே வினா. அக்கிருமி குப்பிக்குள் எப்போது புகுந்தது? பம்பாயில் குப்பியை நிரப்பியபோதா? முல்கோவாலில் அதைத் திறந்தபோதா? இவ்வினாவின் விடையில் ஒரு மனிதரின் வாழ்வு தொங்கியது.

விசாரணையும் பழியும்

பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ் தலைமையில் விசாரணைக்குழு அமைந்தது. குப்பி திறக்கப்படும் முன்பே அதில் கிருமி கலந்திருக்க வேண்டும் என்பது அக்குழுவின் முடிவு. கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட்டது குறையாகக் கருதப்பட்டது. ஹாஃப்கின் இயக்குநர் பொறுப்பை இழந்தார். இந்தியாவை விட்டு வெளியேறினார்.

அக்குழுவின்முன் பதிவான சாட்சியங்களில் ஒரு செய்தி இருந்தது. அன்று முல்கோவாலில் குப்பியின் அடைப்பானை நீக்கப் பயன்பட்ட இடுக்கி உதவியாளரின் கையிலிருந்து தரையில் விழுந்தது. விதிப்படி அதை நெருப்பில் காட்டித் தூய்மை செய்திருக்க வேண்டும். அவ்வாறு செய்யாமல், வலுக்குறைந்த கிருமிநாசினிக் கரைசலில் நனைத்துவிட்டு அதே இடுக்கியால் குப்பியைத் திறந்தனர். இரணஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது. அதன் வித்துகள் எளிதில் அழியாதவை. அத்தகைய கரைசலில் கணநேரம் நனைத்தால் அவை மடிவதில்லை.

இவ்வளவு முதன்மையான செய்தி ஏட்டில் இருந்தும் அதற்கு உரிய இடம் தரப்படவில்லை. விசாரணை ஆவணங்களும் நெடுங்காலம் வெளிவரவில்லை. தம்மீதான பழியை மறுக்கத் தேவையான சான்று எங்கே இருக்கிறது என்று அறிந்தும், அதைப் பொதுவெளியில் எடுத்துக்காட்ட முடியாத நிலையில் ஹாஃப்கின் இலண்டனில் காத்திருந்தார்.

உண்மைக்குத் துணைநின்றோர்

1906இன் இறுதியில் ஆவணங்கள் வெளியிடப்பட்டன. அறிவியலாளர் சிலர் அவற்றை வரிவரியாக ஆராய்ந்தனர். கல்கத்தாவில் ஹாஃப்கினுக்குத் துணைநின்ற சுகாதார அறிஞர் சிம்ப்சன் அவர்களுள் ஒருவர். மலேரியாவைக் கொசு பரப்புவதை இந்தியாவில் கண்டறிந்து 1902இல் நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் மற்றொருவர்.

அவர்களுடைய வாதம் உணர்ச்சியால் அமைந்ததன்று, சான்றுகளால் அமைந்தது. முதலாவது, மணம். இரணஜன்னிக் கிருமி வளர்ந்த கரைசல் கெட்ட நாற்றம் வீசும். முல்கோவாலில் குப்பியைத் திறந்த மருத்துவர் அதை முகர்ந்து பார்த்தார். நாற்றம் ஏதும் இல்லை. இரண்டாவது, காலம். கிருமி பம்பாயிலேயே குப்பிக்குள் புகுந்திருந்தால், பல வாரங்களில் அது பெருகி மிகுந்த நஞ்சைக் கக்கியிருக்கும். அந்நஞ்சு உடலில் சேர்ந்ததும் நோய்க்குறிகள் விரைந்து தோன்றியிருக்கும். ஆனால் அவை தோன்ற ஒரு வாரம் ஆயிற்று. கிருமியின் வித்துகள் புதிதாக உடலில் நுழைந்து வளர எடுத்துக்கொள்ளும் காலத்தோடு அது பொருந்துகிறது. மூன்றாவது, வாய்ப்பு. தரையில் விழுந்த இடுக்கி, கிருமி புகுவதற்கான நேர்வழியை அந்த ஊரிலேயே காட்டுகிறது.

1907 சூலையில் பத்து அறிஞர்கள் கையொப்பமிட்ட மடல் இலண்டனின் டைம்ஸ் நாளிதழில் வெளிவந்தது. செய்யாத குற்றத்துக்கு ஒருவரைத் தண்டிப்பது அவரோடு முடிவதில்லை. தடுப்பு மருந்தின்மீது மக்கள் கொண்ட நம்பிக்கையையும் அது அழிக்கும் என்பது அம்மடலின் சாரம். பிரித்தானிய நாடாளுமன்றத்திலும் இப்பொருள் பேசப்பட்டது. 1907இன் இறுதியில் ஹாஃப்கினுக்கு மீண்டும் இந்தியாவில் பணி வழங்கப்பட்டது. பழி நீங்கியது. ஆனால் பழி சுமந்த ஐந்தாண்டுகள் திரும்பவில்லை.

இறுதிக்காலம்

கல்கத்தாவில் ஆய்வுக்கூடம் ஒன்று அவருக்குத் தரப்பட்டது. தாம் வளர்த்த பரேல் ஆய்வுக்கூடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. புதிய தடுப்பு மருந்துகளை மக்களிடையே சோதிக்கும் வாய்ப்பும் அவருக்கு அளிக்கப்படவில்லை. எனினும் குறைகூறிக்கொண்டிராமல் பணியாற்றி ஓய்வுபெற்று ஐரோப்பா திரும்பினார். திருமணம் செய்துகொள்ளாத அவர் தம் செல்வத்தைக் கல்விப்பணிக்கென எழுதிவைத்தார். 1930 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.

பரேல் ஆய்வுக்கூடத்துக்கு 1925இல் ஹாஃப்கின் நிறுவனம் எனப் பெயர் சூட்டப்பட்டது. அதுவரையிலான ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் 2 கோடியே 60 இலட்சம் அளவுகள் பிளேக் தடுப்பு மருந்து பம்பாயிலிருந்து அனுப்பப்பட்டிருந்தது. விடுதலை பெற்ற இந்தியா 1964இல் அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலையை வெளியிட்டது.

முல்கோவால் கற்பித்தவை

ஒரு நிகழ்வுக்குப்பின் மற்றொன்று நேர்ந்தால், முன்னதே பின்னதற்குக் காரணம் என எண்ணுவது மனித இயல்பு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைத் தமிழர் நன்கறிவர். அதற்காக எல்லாப் பனம்பழமும் தானே விழுந்தது என்று சொல்லிவிடவும் கூடாது. சில வேளைகளில் காக்கையும் காரணமாகலாம். எது உண்மை என்பதை ஊகத்தால் அறிய முடியாது. பதிவால்தான் அறிய முடியும். 53-என் என்ற எண்ணை எழுதி வைத்த கை இல்லாவிட்டால், பிளேக் தடுப்பு மருந்து முழுவதுமே நஞ்சு என்று உலகம் முடிவு கட்டியிருக்கும்.

இப்பாடத்தை உலகம் மெதுவாகவே கற்றது. தாலிடோமைடு என்னும் மருந்தைக் கருவுற்ற பெண்கள் உட்கொண்டதால் கைகால் குறைபாட்டோடு பல்லாயிரம் குழந்தைகள் பிறந்தன. 1961இல் ஆஸ்திரேலியாவிலும் செருமனியிலும் இரு மருத்துவர்கள் தாம் கண்டதை அறிவித்த பின்னரே அம்மருந்து நிறுத்தப்பட்டது. அதன்பின் 1968இல் உலக நலவாழ்வு நிறுவனம் மருந்துகளின் எதிர்விளைவுகளைத் திரட்டும் பன்னாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இல் தொடங்கியது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத்தர ஆணையம் அதை நடத்துகிறது.

நம் ஊர்களில்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிப் பகுதி மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. தறியிலிருந்து இறங்கும் துணி வெண்மையாக இருப்பதால் மட்டும் அதைக் காயத்தின்மேல் வைத்துவிட முடியாது. சலவை செய்து, கிருமி நீக்கி, உறையிட்டு, தொகுதி எண் இட்ட பின்னரே அது மருத்துவப் பொருளாகிறது. முல்கோவாலில் தரையில் விழுந்த இடுக்கிக்கு மறுக்கப்பட்ட தூய்மை, இன்று ஒவ்வோர் உறையிலும் விதியாக நிற்கிறது.

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளிலும் சுற்றுவட்டார ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி போட்டவுடன் குழந்தையை அரைமணி நேரம் அங்கேயே வைத்திருக்கும்படி செவிலியர் சொல்வது வழக்கம். பேருந்துக்கு நேரமாகிறது என்று சில தாய்மார் முகம் சுளிப்பதும் உண்டு. ஆனால் அந்த அரைமணி நேரம் வீணானதன்று. ஒவ்வாமை ஏற்பட்டால் அது பெரும்பாலும் அந்நேரத்துக்குள் தெரிந்துவிடும். உடனே மருத்துவம் செய்து உயிரைக் காக்கலாம். மருந்துக் குப்பியின் தொகுதி எண்ணைப் பதிவேட்டில் எழுதுவதும் வெற்றுச் சடங்கன்று. எங்கேனும் ஒரு தொகுதி தீங்கு செய்தால், அத்தொகுதியை மட்டும் நிறுத்திவைத்து மற்றவற்றைத் தொடர அவ்வெண்ணே வழிகாட்டும்.

மருந்தின் எதிர்விளைவை அறிவிப்பது மருத்துவர்களின் பணி மட்டுமன்று. செவிலியரும் மருந்தாளுநரும் அறிவிக்கலாம். மருந்தை உட்கொண்டவரே அறிவிக்கவும் வழியுண்டு. அதற்கான படிவம் தமிழிலும் உள்ளது. பாதிக்கப்பட்டவர் யார், நேர்ந்தது என்ன, ஐயத்துக்குரிய மருந்து எது, அறிவிப்பவர் யார் ஆகிய நான்கும் அதில் இன்றியமையாதவை. மருந்தே காரணம் என மெய்ப்பித்த பிறகுதான் அறிவிக்க வேண்டும் என்பதில்லை. ஐயம் எழுந்தாலே அறிவிக்கலாம். ஒருவரின் ஐயம் ஊகமாக நிற்கும். ஒரே ஐயம் பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தால் அது சான்றாக வலுப்பெறும். நாட்டின் ஒரு மூலையில் உள்ள ஊரிலிருந்து செல்லும் ஒரு படிவம், மற்றொரு மூலையில் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

அறிவித்தவரைக் குற்றவாளியாக நோக்கினால் அடுத்தவர் அறிவிக்க அஞ்சுவார். இடுக்கி தரையில் விழுந்ததை உதவியாளர் ஒளிக்காமல் சொன்னதால்தான் பின்னாளில் உண்மை துலங்கியது. அதே வேளையில், சொல்லப்பட்ட உண்மையை எடைபோடத் தவறியதால் ஓர் அறிஞர் ஐந்தாண்டுகள் துன்புற்றார். அஞ்சாமல் சொல்லும் நாவும், பொறுமையோடு கேட்கும் செவியும், பிழையின்றி எழுதும் கையும் ஒருங்கே அமைந்தால்தான் மருந்து மருந்தாக நிற்கும். பத்தொன்பது உயிர்களின் இழப்பும் ஓர் அறிவியலாளரின் காத்திருப்பும் நமக்கு விட்டுச்சென்ற கடமை அதுவே.

தெரிந்து தெளிவோம்

மருந்தின் எதிர்விளைவு என்பது வேறு. மருந்து கெட்டுப்போவதால் அல்லது மாசுபடுவதால் வரும் தீங்கு என்பது வேறு. சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுத்தும் உடல் ஏற்காமல் தோன்றும் தடிப்பு, மூச்சுத்திணறல் போன்றவை முதல்வகை. முல்கோவாலில் நேர்ந்தது இரண்டாம் வகை. இரண்டையும் அறிவிக்க வேண்டும். இந்தியாவில் எதிர்விளைவுகளைத் தெரிவிப்பதற்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024.

கற்பவை கற்றபின்

1. முல்கோவால் நிகழ்வில் கிருமி எப்போது புகுந்தது என்பதற்கு இருதரப்பினரும் கொண்ட கருத்துகளைத் தொகுத்து, வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

2. உங்கள் வீட்டில் உள்ள மருந்து அட்டை ஒன்றை எடுத்து, அதில் அச்சிடப்பட்டுள்ள தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதியாகும் நாள் ஆகியவற்றைக் குறித்துவந்து, ஒவ்வொன்றின் பயனையும் எழுதுக.

3. உங்கள் ஊர்ச் செவிலியர் அல்லது மருந்தாளுநர் ஒருவரிடம் மருந்தின் எதிர்விளைவுகளை அவர் எவ்வாறு பதிவு செய்கிறார் எனக் கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.